ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்: இருமுறை கற்ற கலைஞன்

நண்பர்களே, இவ்விதழை ஒரு நிமிடம் மேசை மீது வைத்துவிட்டு உங்கள் இடக்கையைப் பாருங்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் உள்ளங்கை நோக்கி மடக்கிக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் சுட்டு விரலாலும் நடு விரலாலும், பெருவிரலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். முடிகிறதா? அந்த இரண்டு விரல்களை மட்டுமே முதன்மையாக நம்பிக் கிட்டார் வாசித்த ஒருவர், ஐரோப்பாவில் பிறந்த முதல் பெரும் ஜாஸ் கலைஞர் என்று இன்றளவும் போற்றப்படுகிறார். அவர் பெயர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்.

நான் அவரை அறிந்ததே தற்செயல்தான். விடுதியில் பக்கத்து அறை நண்பர் ஒருவர் இரவு நேரத்தில் ஒரு பழைய இசைத்தட்டின் பதிவை ஒலிக்கவிட்டார். 1937-இல் பதிவான 'மைனர் ஸ்விங்' என்னும் அந்த இசை மூன்று நிமிடம் சொச்சம்தான். இடைநிலைப் பள்ளிக் காலத்திலிருந்து நானும் கொஞ்சம் கிட்டார் தட்டிக்கொண்டிருப்பவன் என்பதால், இதை வாசித்தவருக்குப் பத்து விரல்கள் போதாதே என்று வியந்தேன். நண்பர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். அன்றிரவு நான் தூங்கவில்லை. அதன் பிறகு தேடித் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஜாங்கோ 1910-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் லிபெர்ஷி எனும் சிற்றூரில் பிறந்தார். பிறந்த ஊர் என்று சொல்கிறோமே தவிர, அவருடைய பெற்றோர் அவ்வூரைச் சேர்ந்தவர்கள் அல்லர். குதிரை பூட்டிய கூண்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் பிழைத்தவர்கள். பனிக்காலத்தில் வண்டி நின்ற இடம் அது, அவ்வளவுதான். வெளியுலகம் அவர்களை ஜிப்சிகள் என்றது. அவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயரோ 'மனுஷ்'. இந்தச் சொல்லைப் படித்தபோது நான் சற்று நின்றுவிட்டேன். ரோமா மக்களின் மூதாதையர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே நகர்ந்தவர்கள் என்பதை மொழியியலாளர்கள் நிறுவியுள்ளனர். 'மனுஷ்' என்பதன் பொருள் மனிதன். நாம் பேச்சு வழக்கில் 'மனுஷன்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றே. வடமொழிச் சொல்தான் இரு திசைகளில் பயணம் செய்திருக்கிறது. ஐரோப்பியச் சட்டங்கள் பல நூற்றாண்டுகளாக மனிதராகவே மதிக்காத ஒரு கூட்டம், தன்னை மனிதன் என்ற சொல்லாலேயே அழைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் அக்குடும்பம் பாரிஸ் நகரின் பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய புறம்போக்கு நிலத்தில் வண்டியை நிறுத்தியது. ஜாங்கோ பள்ளிக்கூடத்தை ஏறக்குறைய எட்டியே பார்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. இசைக்குறிப்பு வாசிக்கவும் தெரியாது. கடைசிவரை அதைக் கற்கவே இல்லை. முதலில் பிடித்தது வயலின். 12 வயதில் பாஞ்சோவின் உடலும் கிட்டாரின் கழுத்தும் கொண்ட ஒரு கருவி அவர் கைக்கு வந்தது. அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வண்டிகளுக்கு நடுவே நெருப்பு மூட்டி, பெரியவர்கள் வாசிக்கும்போது அவர்களின் விரல்களை உற்றுப் பார்ப்பது, பிறகு தனியே வந்து அதையே செய்து பார்ப்பது. பாடமும் அதுதான், தேர்வும் அதுதான். தமிழ்ப்பள்ளியில் எங்களுக்குத் தேவாரம் சொல்லித் தந்த ஆசிரியை பண்ணின் பெயரையெல்லாம் சொன்னதில்லை. அவர் பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம். இன்றும் அந்தப் பாடல்கள் எனக்கு மறக்கவில்லை; ஆறாம் படிவத்தில் எழுதி எழுதி மனனம் செய்தவைதான் காற்றோடு போய்விட்டன.

பதின்மூன்று வயதிலேயே ஜாங்கோ பாரிசின் நடனக் கூடங்களில் சம்பளத்துக்கு வாசிக்கத் தொடங்கினார். அங்கே அக்கார்டியன்தான் அரசன். ஒலிபெருக்கி இல்லாத காலம். நடனமாடுவோரின் காலடி ஓசை, கண்ணாடிக் குவளைகளின் சத்தம், அக்கார்டியனின் முழக்கம் எல்லாவற்றையும் தாண்டித் தந்தியின் ஒலி கேட்டாக வேண்டும். ஜிப்சி ஜாஸ் கிட்டாரைக் கற்க விரும்புவோர் முதலில் வலக்கையைத்தான் கற்க வேண்டும் என்று சொல்லப்படுவதற்குக் காரணம் இந்தக் கூடங்களே. மணிக்கட்டை வளைத்து, கிட்டாரின் பலகையில் ஊன்றாமல் அந்தரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கனமான பிக் ஒன்றால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்தால், அது அடுத்த தந்தியில் போய் ஓய்ந்து நிற்க வேண்டும். புதிய தந்திக்கு மாறும்போதெல்லாம் மீண்டும் கீழ்நோக்கிய அடியிலேயே தொடங்க வேண்டும். கையின் எடையே ஒலியாகிறது. படிக்க எளிதாகத்தான் இருக்கிறது! மூன்று மாதமாக முயல்கிறேன். என் மணிக்கட்டு இன்னமும் பலகையில் போய் அமர்ந்துகொள்கிறது.

1928-இல் ஜாங்கோவின் முதல் ஒலிப்பதிவுகள் வெளியாயின. அவற்றில் அவர் அக்கார்டியனுக்குப் பக்கவாத்தியமாகப் பாஞ்சோ வாசித்தார். இசைத்தட்டில் அவர் பெயரை 'ஜியாங்கோ ரெனார்' என்று அச்சிட்டுவிட்டார்கள். எழுத்துக்கூட்டிச் சொல்ல அவருக்கே தெரியாதபோது யாரைக் குறை சொல்வது? அதே ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் பாரிசுக்கு வந்து அவர் வாசிப்பைக் கேட்டு, தம் குழுவில் சேர அழைத்தார். ஜாங்கோவுக்கு அப்போது வயது 18. மணமாகி, மனைவி பெல்லா கருவுற்றிருந்தார்.

அந்த அழைப்பு வந்த சில நாட்களிலேயே அந்த இரவும் வந்தது. நள்ளிரவுக்குப் பின் வாசிப்பை முடித்து வண்டிக்குத் திரும்பினார். மறுநாள் விற்பனைக்காகப் பெல்லா செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் வண்டி முழுவதும் குவிந்திருந்தன. செல்லுலாய்டு என்பது பழைய திரைப்படச் சுருளின் பொருள். பொறி பட்டாலே போதும். மெழுகுவத்தி ஒன்று தவறி விழுந்தது. நொடியில் வண்டி தீப்பிழம்பாயிற்று. கணவனும் மனைவியும் உயிர் தப்பினர். ஆனால் ஜாங்கோவின் உடலில் பாதி வெந்துபோனது. வலக்காலை வெட்டியாக வேண்டும் என்றனர் மருத்துவர்கள். குடும்பத்தார் மறுத்து வேறிடம் கொண்டு சென்றனர். கால் பிழைத்தது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தசைநார்கள் சுருங்கி, உள்நோக்கி வளைந்து, அப்படியே நின்றுவிட்டன. இங்கிலாந்துப் பயணம் கைவிட்டுப் போனது.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அவர் படுக்கையில் கழித்தார். தம்பி ஜோசப் அவருக்கு ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கேதான் அவருடைய இரண்டாவது கல்வி தொடங்குகிறது. முதல் கல்வியில் பார்த்துப் பழக நூறு விரல்கள் இருந்தன. இம்முறை பார்க்க யாருமில்லை. இப்படி ஒரு கையால் வாசித்தவர் அக்கூட்டத்தில் எவருமே இல்லை.

அவர் கண்டுபிடித்தது என்ன? நான்கு விரல் உள்ளவர் கையை ஒரே இடத்தில் நிறுத்தி, தந்திக்குத் தந்தி குறுக்கே சென்று சுரங்களைப் பிடிப்பார். இரண்டு விரலுக்கு அது எட்டாது. எனவே ஜாங்கோ கிட்டாரின் கழுத்து நெடுகிலும் மேலும் கீழும் ஓடினார். ஒரு தந்தியில் இரண்டு சுரம், உடனே கையை நகர்த்தி அடுத்த தந்தியில் இரண்டு சுரம் என்று ஏணிப்படி போல ஏறினார். சில இடங்களில் ஒரே விரலைத் தந்தியின் மீது வழுக்கவிட்டு, அடுத்தடுத்த கட்டைகளையெல்லாம் வலக்கையின் வேகத்தால் தனித்தனியே ஒலிக்கச் செய்தார். வளைந்துபோன விரல்களையும் அவர் விட்டுவிடவில்லை. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் 'கார்ட்' பிடிக்கும்போது, மெல்லிய இரு தந்திகளின் மேல் அவற்றை ஊன்றிக்கொண்டார். வழக்கமான பெரிய பிடிகள் அந்தக் கைக்கு அமையவில்லை. மூன்று நான்கு சுரங்களே கொண்ட சிறிய பிடிகளைத் தேடினார். ஆறாம் சுரம் சேர்ந்த பிடிகள் அதிகம் வந்தன. இன்று ஜிப்சி ஜாஸ் என்றவுடன் நம் காதில் கேட்கும் அந்த இனிப்பும் ஏக்கமும் கலந்த ஒலி பெருமளவு இப்பிடிகளால் வருவது.

இந்த இடத்தில் எனக்கொரு மாற்றுக்கருத்து உண்டு. தீ விபத்துதான் அவரை மேதையாக்கியது என்று எழுதுவோர் பலர். ஊனமே வரம் ஆயிற்று என்ற தொனியில் மேடைகளிலும் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. விபத்துக்கு முன்பே ஹில்டன் கடல் கடந்து வந்து அவரை அழைத்துவிட்டார். வலக்கையின் கலை முழுவதும் விபத்துக்கு முன்பே கற்றது, அது எரியவில்லை. காதும் எரியவில்லை. தீ பறித்தது பறித்ததுதான். நான்கு விரல்களோடு ஜாங்கோ கிட்டார் வாசித்த பதிவு ஒன்றுகூட இல்லை. பாஞ்சோ பதிவுகள் சில மட்டுமே உள்ளன. எதை இழந்தோம் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லாதபோது, இழப்பை வரம் என்று நாம் எப்படிச் சொல்லலாம்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒரு நாள் இரண்டு விரல்களைப் பிளாஸ்திரியால் கட்டிக்கொண்டு 'மைனர் ஸ்விங்' வாசித்துப் பார்த்தேன். நான்கு விரல்களால் நான் வாசிப்பதைவிட மோசமாக இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். இருந்தது.

1931 வாக்கில் ஜாங்கோ தென் பிரான்சின் துலோன் துறைமுக நகரில் இருந்தார். அங்கே எமில் சாவித்ரி என்னும் ஓவியர் தம் அறைக்கு அழைத்து அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காள ஒலியைக் கேட்ட ஜாங்கோ தலையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார் என்று சொல்லப்படுகிறது. ஆம்ஸ்ட்ராங்கும் எழுத்துப் பார்த்து வாசிப்பதைவிட அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பவர். தம் வண்டிக்கூட்டம் அறிந்திருந்த வழியிலேயே கடலுக்கு அப்பால் ஒரு பேரிசை பிறந்திருப்பதை ஜாங்கோ அன்று கேட்டார்.

1934-இல் பாரிசின் கிளாரிட்ஜ் விடுதியில் மாலை நேரத் தேநீர் நடனங்களுக்கு வாசிக்கும் குழுவில் ஜாங்கோவும் ஸ்டெஃபான் கிரப்பெல்லி எனும் வயலின் கலைஞரும் இருந்தனர். இடைவேளை ஒன்றில் கிரப்பெல்லி அறுந்த தந்தியை மாற்றிவிட்டுச் சும்மா ஒரு மெட்டை இழுத்துப் பார்க்க, ஜாங்கோ அதைக் கிட்டாரில் தொடர்ந்தாராம். அந்த விளையாட்டு மறுநாளும் நடந்தது. தம்பி ஜோசப்பும் ரோஜே ஷாபூவும் பக்கக் கிட்டார்களோடும், குழுத்தலைவர் லூயி வோலா பெரிய பாஸ் கருவியோடும் வந்து சேர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் 'ஹாட் கிளப் ஆஃப் பிரான்ஸ்' ஐவர் குழு முதன்முதலில் மேடையேறியது. முரசு இல்லை, ஊதுகருவி இல்லை. ஐந்துமே தந்திக் கருவிகள். ஜாஸ் உலகம் அதுவரை இப்படி ஒரு குழுவைக் கண்டதில்லை.

முரசு இல்லாமல் தாளம் எப்படி நின்றது? பக்கக் கிட்டார்கள் இரண்டும் முரசாயின. 'லா பொம்ப்' என்று பெயர். காற்றடிக்கும் பம்பு என்று பொருள். முதல் தட்டும் மூன்றாம் தட்டும் மெல்லியவை. இரண்டாவதும் நான்காவதும் வெட்டியது போலக் குறுகியவை. அடித்தவுடன் இடக்கையைத் தளர்த்தி ஒலியை நிறுத்திவிட வேண்டும். மனுஷ் குடும்பங்களில் பிள்ளைகள் பல காலம் இதை மட்டும்தான் வாசிக்கிறார்கள். தனி வாசிப்பு அப்புறம்தான். மத்தளக்காரன் இல்லாத கச்சேரியில் கஞ்சிராக்காரன் படும் பாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரியோ மக்காஃபெரி எனும் இத்தாலியர் வடிவமைத்து, பாரிசின் செல்மர் நிறுவனம் 1932 முதல் செய்த கிட்டார் அது. முதலில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் பெரிய ஒலித்துளை, பிறகு முட்டை வடிவில் சிறிய துளை. இருபது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள். ஒலி இனிமையைவிடப் பாய்ச்சல் மிகுந்தது. கூடத்தின் கடைசி வரிசைவரை குத்தும். ஜாங்கோ கடைசிக் காலம்வரை வைத்திருந்தது 503 எண் கொண்ட செல்மர்.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது ஐவர் குழு இலண்டனில் இருந்தது. கிரப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிசுக்குத் திரும்பினார். திரும்பிய இடம் எது என்பதை எண்ணிப் பாருங்கள்! அடுத்த ஆண்டே ஜெர்மானியப் படை பாரிசைக் கைப்பற்றியது. நாஜிகள் யூதர்களோடு ரோமா மக்களையும் அழித்தார்கள். குறைந்தது இரண்டரை லட்சம் பேர், ஐந்து லட்சம்வரை கூட இருக்கலாம் என ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பிரான்சோ 1940 ஏப்ரலிலேயே, ஜெர்மானியர் வருவதற்கு முன்பே, நாடோடி மக்கள் இடம்பெயரத் தடை விதித்துவிட்டது. பிறகு ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். சிலர் போர் முடிந்து 1946-இல்தான் வெளியே வந்தனர். இதில் தன் நாட்டுக்குள்ள பொறுப்பைப் பிரெஞ்சு அதிபர் ஒருவர் வெளிப்படையாக ஏற்க 2016 ஆகிவிட்டது.

அதே ஆண்டுகளில்தான் ஜாங்கோ பாரிசில் புகழின் உச்சியில் இருந்தார். வயலினுக்குப் பதில் கிளாரினெட் சேர்த்து 1940 டிசம்பரில் அவர் பதிவு செய்த 'நுவாஜ்', அதாவது 'மேகங்கள்', மூடிக்கிடந்த நகரின் மனப்பாடமாகிவிட்டது. ஜாஸ் இசையை நாஜிகள் இழிவாகக் கருதினர். ஆனால் அவர்களின் அதிகாரிகளே இரவில் வந்து அதைக் கேட்டனர். அந்த மேடையில் அவர் வாசித்திருக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாசிப்பதை நிறுத்தியிருந்தால் அவர் வெறும் ஒரு ஜிப்சி. அடுத்த வண்டியில் ஏற்றியிருப்பார்கள். 1943-இல் அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்று பிடிபட்டார். கைது செய்த ஜெர்மானிய அதிகாரி அவருடைய ரசிகராக இருந்ததால் விடுதலை கிடைத்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுகின்றனர். மறுபடி முயன்றபோது சுவிஸ் காவலர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்காலத்தில் தம் மக்களுக்காக ஒரு திருப்பலி இசையை அவர் உருவாக்கத் தொடங்கினார். அவர் கிட்டாரில் வாசிக்க, வேறொருவர் எழுத வேண்டியிருந்தது. அது முற்றுப்பெறவில்லை.

போர் ஓய்ந்து 1946-இல் இலண்டனில் கிரப்பெல்லியை மீண்டும் சந்தித்தார். இருவரும் பிரெஞ்சு நாட்டுப்பண்ணையே ஜாஸாக வாசித்துப் பதிவு செய்தனர். அதே ஆண்டு நவம்பரில் டியூக் எலிங்டன் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். ஜாங்கோ கிட்டார் இல்லாமலேயே விமானம் ஏறினார். அமெரிக்க நிறுவனங்கள் தமக்குக் கருவி தரப் போட்டியிடும் என்று எண்ணியிருந்தாராம். யாரும் தரவில்லை. பழக்கமில்லாத மின்கிட்டாரில் வாசிக்க நேர்ந்தது. நியூயார்க்கின் கார்னகி அரங்கில் இரண்டாம் இரவு, நண்பரும் குத்துச்சண்டை வீரருமான மார்செல் செர்தானைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்ததில் மிகவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். விமர்சனங்கள் கடுமையாக வந்தன. மனமுடைந்து 1947-இல் திரும்பினார். நேரம் தவறியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் சங்கக் கலையிரவில் தாமதமாக வந்தவர்களால் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்!

1951-இல் அவர் செய்ன் நதிக்கரையில் உள்ள சாமுவா எனும் ஊரில் குடியேறினார். மீன் பிடித்தார், ஓவியம் வரைந்தார். மூட்டைகட்டி ஒதுங்கிவிட்டார் என்று பலர் நினைத்தனர். ஆனால் அவரோ தம்மைவிட இளையவர்களின் புதிய பீபாப் இசையைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். 1953 ஏப்ரல் 8-ஆம் நாள் அவர் செய்த கடைசிப் பதிவில் உடன் பியானோ வாசித்தவர் மார்ஷியல் சோலால். அது அந்த இளைஞருக்கு முதல் பதிவு. அதில் ஜாங்கோவின் மின்கிட்டார் பழைய பாய்ச்சலை விட்டுவிட்டு வேறெதையோ தேடுவது தெளிவாகக் கேட்கிறது. மூன்றாவது முறையாகக் கற்கத் தொடங்கியிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மே 16, சனிக்கிழமை, இரயில் நிலையத்திலிருந்து நடந்து வீடு திரும்பியவர் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுச் சாய்ந்தார். வார இறுதி என்பதால் மருத்துவர் வரத் தாமதமாயிற்று. வயது 43.

மகன் பாபிக்குக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் பின்னாளில் கிட்டார் கலைஞரானார். தந்தையிடம் கற்றதைவிடத் தந்தை இறந்த பின் கற்றதே அதிகம். மற்றக் குடும்பங்களிலும் அப்படித்தான். இசைத்தட்டில் ஊசியை மீண்டும் மீண்டும் பின்னுக்கு இழுத்து வைத்து, ஒரே வரியை நூறு முறை கேட்டு, பிள்ளைகள் ஜாங்கோவை மனனம் செய்தார்கள். அல்சேஸ் பகுதியில் பிறந்த பிரெலி லாக்ரென் 1980-இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது அவருக்கு வயது 13. இங்கிலாந்தில் தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி என்ற இளைஞருக்கு அவருடைய மேலாளர் கொண்டுவந்து கொடுத்ததும் ஜாங்கோவின் இசைத்தட்டுதான். அவர் பின்னர் 'பிளாக் சபத்' குழுவின் கிட்டார் கலைஞரானார்.

503 எண் செல்மரை ஜாங்கோவின் துணைவியார் நகீன் 1964-இல் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அது இன்று அந்நகரின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் படத்தை நான் கணினியில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். பக்கத்து அறை நண்பரோ படமெல்லாம் பார்த்தது போதும், 'பொம்ப்' வாசி என்கிறார். அவர் வயலின் வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் கலையிரவு.